பழைய வண்டியும் பாக்கி நின்ற வேலையும்

ஆழ்வார்திருநகரியிலும் தாமிரபரணிக் கரையிலுள்ள சுற்றுக் கிராமங்களிலும் வாழைத்தாரையும் இலைக்கட்டையும் ஜவுளி மூட்டையையும் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிய காலம் மலையேறிவிட்டது. இன்று சிறு சரக்கு வண்டி இல்லாமல் சந்தை இல்லை. புது வண்டிக்கு முதல் போட இயலாத அங்கத்தினர்கள் எட்டு, பத்து வருஷம் ஓடிய வண்டியை வாங்குகிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் அப்படி வாங்குபவர், முன்னவர் செய்யாமல் விட்ட வேலைகளையும் வண்டியோடு சேர்த்தே வாங்குகிறார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நமக்குத் தெரிந்த அங்கத்தினர் இருவர், ஒருவர் வாழை பயிரிடுபவர், மற்றவர் நெசவாளர், கூட்டாக ஒரு பழைய வண்டி வாங்கினார்கள். கையிலிருந்த பணம் முழுவதும் விலைக்கே சரியாகிவிட்டது. புதுச் சாயம் அடித்து, சந்தனம் குங்குமம் இட்டு, மறுநாளே பாரம் ஏற்றினார்கள். நாலாவது வாரம், தென்திருப்பேரையை நெருங்கும்போது பிரேக் மிதி அடிவரை இறங்கிவிட்டது. ஓட்டியவர் பதறாமல் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைப் பிடித்து, வயல் வரப்பில் முட்டி நிறுத்தினார். தார்கள் சேற்றில் விழுந்தன. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டறையில் திறந்து பார்த்தபோது பிரேக் ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. சக்கரத்தின் உள்ளே இருக்கும் ரப்பர்க் கிண்ணங்கள் வெடித்திருந்தன. விலை பேசிய அன்றே இதைப் பார்த்திருக்கலாம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை தாழ்கிறது. பாரத்தோடு அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் சூட்டில் ஆவிக்குமிழிகள் தோன்றி, மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையேனும் அதை மாற்றுவது வழக்கம். முன்னவர் எப்போது மாற்றினார் என்று எழுத்தில் சான்று இல்லையானால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதே விவேகம். இந்த விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். எஞ்சின் ஆயில், அதன் வடிகட்டி, கியர்ப் பெட்டி ஆயில், பின்னச்சு ஆயில், ரேடியேட்டர் நீர், காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி ஆகிய அனைத்தையும் வாங்கிய வாரத்திலேயே மாற்றி, அந்தத் தேதியிலிருந்து புதுக் கணக்குத் தொடங்க வேண்டும். நெசவாள அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. பழைய தறியை வாங்கினால் விழுதையும் அச்சையும் பார்க்காமல் யாராவது பாவு ஏற்றுவார்களா?

எஞ்சின் ஆயிலைச் சற்று ஓட்டிச் சூடாக்கிய பின் வடிப்பது நல்லது. அடியில் தங்கிய கசடும் அதனோடு வரும். நெடுநாள் கவனியாத எஞ்சினாக இருந்தால், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை மாற்றிவிடலாம். சில எஞ்சின்களில் வால்வுகளை இயக்குவது ரப்பர் வார், சிலவற்றில் சங்கிலி. வாரானால் அதற்கு ஆயுள் குறிக்கப்பட்டிருக்கும். அது ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். அப்போது வரும் செலவு வண்டி விலையையே நினைவூட்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின்னிரண்டு வருஷத்தையும் குறிக்கும். பூ தேயாமல் பளபளப்பாக இருக்கும் டயரும் வயதானதாக இருக்கக்கூடும்.

நம் பகுதிக்கென்று ஒரு விசேஷ எச்சரிக்கை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பயணிகள் வண்டியோடு சிக்கிக்கொண்டார்கள். அந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. கழுவித் துடைத்தால் கண்ணுக்கு அவை நல்ல வண்டிகளே. இருக்கை வாரை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் வண்டல் படிந்திருக்கும். கால்மிதிக்கு அடியிலும், விளக்குக் கண்ணாடியின் உட்புறத்திலும் சேற்றுக்கோடு தெரியும். ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறதென்று பொருள். மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் வாங்காமல் திரும்பிவிடுவதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

சரக்குத் தட்டின் ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். வாழைப்பால் பட்ட துணி வெளுக்காது. ஒரே வண்டியில் காலையில் தாரும் மாலையில் ஜவுளியும் ஏற்றுபவர்கள் இதைப் பட்டு அறிந்திருக்கிறார்கள்.

காகித வேலையும் பராமரிப்பில் சேர்ந்ததே. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 29, 30 எண் படிவங்கள் இதற்குரியவை. வண்டியின் மேல் பழைய கடன் இருந்தால் 35ஆம் எண் படிவத்தால் அதை நீக்க வேண்டும். சரக்கு வண்டி எட்டு வருஷத்தைக் கடந்ததானால் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் முன்னவர் பெயரிலேயே கிடந்தால் விபத்து நேர்ந்த அன்றுதான் அதன் கஷ்டம் தெரியும்.

வண்டிக் கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம் நிர்வாகிகள் விலையை மட்டும் கேட்பது போதாது. முதல் மாதப் பழுது வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார் என்றும் கேட்க வேண்டும். மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப்போய்ப் பார்க்கும் கூலி, இத்தனை பணத்துக்கு முன் சொற்பமே.

மேலே சொன்ன இருவரும் அந்த வண்டியை விற்றுவிடவில்லை. பிரேக்கையும், அதைத் தொடர்ந்து மற்றவற்றையும், இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். இப்போது ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எதை மாற்றினோம் என்று நெசவாளர் தம் கையாலேயே எழுதிவருகிறார்.