28 மாத்திரையா, 4 மாத்திரையா?

போன செமஸ்டர் லீவுல பாட்டியை மூட்டு வலிக்காக ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரைப் பார்த்தது பத்து நிமிஷம். மருந்து கவுன்டர்ல நின்னது நாற்பது நிமிஷம். "மாத்திரை எண்ணிக் கொடுக்க இவ்வளவு நேரமா?" என்று எனக்கு ஒரே எரிச்சல். எங்க டோக்கன் வந்ததும் உள்ளே இருந்த அக்கா சீட்டைப் பார்த்தாங்க. மாத்திரையை எடுக்கல, போனை எடுத்தாங்க.

சீட்டுல இருந்தது: மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மில்லிகிராம், 1-0-0, 28 நாள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்க்கு இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் போடணும். தினமும் போட்டால் வாய் முழுக்கப் புண் வரும், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவது குறையும், தொற்று வந்து உயிரே போகலாம். டாக்டர்கிட்ட பேசின பிறகு சீட்டு திருத்தப்பட்டது. 28 மாத்திரை 4 ஆனது.

கூட்டம் குறைஞ்சதும் அந்த அக்காகிட்ட கொஞ்ச நேரம் பேசினேன். வீட்டுக்கு வந்து படிச்சும் பார்த்தேன். கவுன்டருக்குப் பின்னால் நடக்கிற வேலை நான் நினைச்ச மாதிரி இல்லை.

யார் இவங்க?

அமெரிக்கா மாதிரி நாடுகளில் பார்மசி டெக்னீஷியன் மருந்தை எடுத்து, எண்ணி, லேபிள் ஒட்டுவார். பார்மசிஸ்ட் கடைசியாகச் சரிபார்ப்பார். நம்ம ஊர்ல பெரும்பாலும் இந்த ரெண்டு வேலையும் மருந்தாளுநர் ஒருத்தர் தலையிலதான். 1948-ஆம் வருட பார்மசி சட்டப்படி, பதிவு செய்த மருந்தாளுநர்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கணும். அதுக்குக் குறைந்தபட்சப் படிப்பு டி.பார்ம்: இரண்டு வருடம், அதோடு 500 மணி நேரப் பயிற்சி.

பெயர் குழப்பம்

ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு. ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு. அவசரக் கையெழுத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். அதனால இப்படிப்பட்ட ஜோடிகளைப் பக்கத்துப் பக்கத்துல அடுக்கக் கூடாது. பெயரை மட்டும் படிக்காம, "இந்த நோயாளிக்கு, இந்த வயசுக்கு, இந்த அளவு சரியா?" என்றும் யோசிக்கணும். பாட்டி விஷயத்துல நடந்தது அதுதான்.

ஒரே மருந்து, வேற அளவு

இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டும் இருக்கு, 100 யூனிட்டும் இருக்கு. 40-க்கு சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சுல எடுத்தா இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். சர்க்கரை ஒரேயடியா இறங்கி மயக்கமே வரலாம். அதனால இன்சுலின் கொடுக்கும்போது சிரிஞ்சையும் சேர்த்துப் பார்க்கணும்.

அலமாரியும் பூட்டும்

டேட்டா ஸ்ட்ரக்சர்ல 'முதலில் வந்தது முதலில் போகும்' என்று க்யூ படிச்சோமே, இங்கே அது பத்தாது. எது முதலில் காலாவதி ஆகுமோ அதுதான் முதலில் வெளியே போகணும். கிட்டத்தட்ட ப்ரையாரிட்டி க்யூ. நேத்து வந்த பெட்டி போன மாசம் வந்ததை விட சீக்கிரம் காலாவதி ஆகலாம்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்ல வைக்கணும். ஒரு தடவை உறைஞ்சு போனா, திரும்ப உருகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால ஃபிரிட்ஜ் வெப்பநிலையைத் தினமும் பார்த்து எழுதுறாங்க. மார்ஃபின் மாதிரி மருந்துகள் பூட்டுக்குள்ள இருக்கும், ஒவ்வொரு ஆம்ப்யூலுக்கும் கணக்கு உண்டு. சில ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் ஷெட்யூல் எச்1 பட்டியல்ல வரும். அதைக் கொடுத்தா டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்கணும்.

சாஃப்ட்வேர் பார்த்துக்காதா?

இன்ஜினியரிங் மாணவனா எனக்கு முதல்ல வந்த கேள்வி இதுதான். அங்கேயும் பில் போட சாஃப்ட்வேர் இருந்துச்சு. ஸ்டாக், விலை, காலாவதி தேதி மூணையும் அது பார்க்கும். 28 மாத்திரை ஸ்டாக்ல இருந்துச்சு, அதனால அதுக்கு எல்லாமே சரி. வாரத்துக்கு ஒரு தடவை என்ற விதியை யாராவது அதுல எழுதியிருந்தா மட்டும்தான் அது எச்சரிச்சிருக்கும். அது எழுதப்படுற வரைக்கும், டாக்டர் சீட்டுக்கும் நோயாளி வாய்க்கும் நடுவுல இருக்கிற கடைசிச் சோதனை அந்த ஒரு ஆள்தான். அவங்களைத்தான் நான் உட்பட வரிசையில நின்ன எல்லாரும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிட்டு இருந்தோம்.

அடுத்த தடவை கவுன்டர்ல நிக்கும்போது மூணு விஷயம் கேளுங்க: இது எதுக்கு, எப்போ போடணும், எத்தனை நாளைக்கு? வேற என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னும் சொல்லுங்க. அவங்க போனை எடுத்தா எரிச்சல் படாதீங்க.

கிளம்பும்போது அந்த அக்கா கவர் மேல பெரிசா 'செவ்வாய் மட்டும்' என்று எழுதி, "பாட்டி, இது தினமும் போடுற மாத்திரை இல்ல, எந்த நாள்னு நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டாங்க. பாட்டி "செவ்வாய்க்கிழமைம்மா" என்று சொன்ன பிறகுதான் கவரைக் கையில கொடுத்தாங்க.