மீன் தொட்டிக்கு விசிறிக் காற்று: கடலோரக் கிராமங்கள் கவனிக்க வேண்டியவை

நெல்லும் தென்னையும் வாழையும் முக்கியச் சாகுபடிகளாகவுள்ள கன்னியாகுமரி ஜில்லாவில், வீட்டோடு நடத்தத்தக்க உபதொழில்களுள் ஒன்றாக அலங்கார மீன் வளர்ப்பைக் கருதலாம். சென்னை கொளத்தூரில் இத்தொழில் பல குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாக இருப்பது பலரும் அறிந்ததே. கப்பி, மோலி, தங்க மீன், ஏஞ்சல் முதலியவை சிறிய இடத்தில் வளர்பவை. தோப்பு நிழலில் சில சிமெண்டுத் தொட்டிகளும், திண்ணையில் ஒரு கண்ணாடித் தொட்டியும் ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் பங்குனி, சித்திரை மாதங்களில் பல மாத உழைப்பு ஒரே இரவில் வீணாவதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணமாவது தொட்டி நீரின் உஷ்ணமே. அதைத் தணிக்கச் சிறு மின்விசிறியை உபயோகிக்கும் முறையையும், அம்முறை எவ்விடத்தில் பயன்படும், எவ்விடத்தில் பயன்படாது என்பதையும் இங்கு விவரிப்போம்.

உஷ்ணத்தால் விளையும் தீங்கு

வெப்ப நாடுகளைச் சேர்ந்த அலங்கார மீன்களுள் பெரும்பாலானவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள நீர் ஏற்றது. தங்க மீனுக்கு அதினும் குளிர்ந்த நீரே நன்று. 1865-ஆம் வருஷத்தில் பிரான்சிஸ் டே என்னும் அறிஞரால் விவரிக்கப்பட்டதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழ்வதுமான டெனிசன் பார்ப் என்ற செங்கோட்டு மீனும் குளிர்ந்து ஓடும் நீரில் பழகியதாகும்.

நீர் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல நீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமும், 35 டிகிரியில் 6.9 மில்லிகிராமும் மட்டுமே தாங்கும். அதே சமயம் உஷ்ணத்தால் மீனின் உடலியக்கம் விரைவாகி, அதற்கு வேண்டிய பிராணவாயு அதிகமாகிறது. ஆகவே வரவு குறைந்து செலவு மிகுகிறது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவின் விஷத்தன்மையும் உஷ்ணத்தோடு கூடுகிறது. இரவில் நீர்ப்பாசிகளும் செடிகளும் பிராணவாயுவை உட்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வந்து வாய் பிளந்து நிற்பதைக் காணலாம். அதுவே எச்சரிக்கையாகும்.

விசிறி குளிரச் செய்யும் விதம்

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. அது நீரின் மேற்பரப்பிலுள்ள ஈரக் காற்றை அகற்றி, உலர்ந்த காற்றை அவ்விடத்தில் கொணர்கிறது. அதனால் நீர் விரைவில் ஆவியாகிறது. ஆவியாகும் நீர், தான் நீங்கும்போது எஞ்சிய நீரிலிருந்து உஷ்ணத்தைக் கவர்ந்து செல்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதே விதியால்தான்.

இதன் வலிமை சாமானியமானதன்று. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி உஷ்ணம் வேண்டும். 100 லிட்டர் கொண்ட தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து உஷ்ணம் புகாத பட்சத்தில், எஞ்சிய நீர் ஏறக்குறைய 6 டிகிரி குளிரவேண்டும். அனுபவத்தில் சுவர், விளக்கு, நீரேற்றி ஆகியவை இடைவிடாது உஷ்ணத்தை ஊட்டுவதால், 2 முதல் 4 டிகிரி வரை குறைவதே நல்ல பலனாகும். மீனுக்கு அந்த 2 டிகிரியே உயிர் காப்பதாக அமையலாம்.

கடலோரத்தில் உள்ள இடையூறு

குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையே கடற்கரையில் அமைந்தது இனயம். உள்நாட்டு ஊர்களைப்போல் இங்கே வெயிலின் கடுமை மிகுதியன்று. ஆனால் காற்றில் ஈரம் மிகுதி. ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரத்தை ஏற்பதில்லை. அத்தகைய நாளில் விசிறி எவ்வளவு சுழன்றாலும் நீர் ஆவியாவது சொற்பமே. 32 டிகிரி உஷ்ணமுள்ள காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 50 ஆக இருந்தால், விசிறிக் காற்றால் நீர் இறங்கக்கூடிய கடைசி எல்லை சுமார் 24 டிகிரி. ஈரப்பதம் நூற்றுக்கு 80 ஆனால் அந்த எல்லை சுமார் 29 டிகிரியாகிவிடும். ஆகையால் மதுரையிலோ, இதே ஜில்லாவில் உலர்காற்று வீசும் நாட்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலோ கிடைக்கும் பலனை இனயத்திலும் எதிர்பார்த்துப் பணம் செலவிடுதல் கூடாது. முதலில் சோதித்தறிய வேண்டும்.

சோதித்தறியும் முறை

ஒரே அளவு காட்டும் இரண்டு சாதாரண உஷ்ணமானிகளை வாங்குக. ஒன்றைத் தொட்டி நீரில் வைக்க. மற்றொன்றின் குமிழைச் சுத்தமான நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் சுற்றி, விசிறியின் எதிரே சுமார் 5 நிமிஷம் நிறுத்துக. அது இறங்கி நிற்கும் அளவே, அன்று அவ்விடத்தில் விசிறியால் எட்டக்கூடிய எல்லை. இதனை ஈரக்குமிழ் உஷ்ணநிலை என்பர்.

தொட்டி நீர் 31 டிகிரியும் ஈரக்குமிழ் 26 டிகிரியும் காட்டினால் இடைவெளி 5 டிகிரி. அதில் பாதியளவு நீர் குளிருமென நம்பலாம். விசிறி வைப்பது தகும். இடைவெளி 2 டிகிரிக்கும் குறைவாயின் விசிறியால் பெரும் பயனில்லை. கோடையில் பல நாட்களில், காலை, பிற்பகல், இரவு ஆகிய மூவேளையும் இச்சோதனையைச் செய்து எழுதி வைப்பவர், தம் வீட்டுக்கு விசிறி வேண்டுமா, வேண்டுமானால் எந்நேரத்தில் ஓட்டவேண்டும் என்பதை ஐயமறத் தெரிந்துகொள்வர்.

விசிறியை அமைத்தல்

கணினிகளில் உபயோகிக்கும் 12 வோல்ட் சிறு விசிறிகள் ஒரு தொட்டிக்கு ஒன்றோ இரண்டோ போதும். 3 வாட் விசிறியொன்று நாள்தோறும் 10 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரமே செலவாகும். 50 வாட் மேஜை விசிறிக்கு அதே கணக்கில் 15 யூனிட் ஆகும்.

காற்று நீரின் மேற்பரப்பின்மீது சாய்வாகப் படவேண்டும். கண்ணாடிப் பக்கங்களில் வீசுவதால் பயன் அற்பம். கண்ணாடி மூடியை அகற்றி, மீன் துள்ளி விழாதபடி வலை கட்டுக. ஆழமான தொட்டியைவிட அகன்ற தொட்டியே நன்கு குளிரும். அறையின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைக்காவிடில், எழும் ஆவி அறையிலேயே தங்கிக் காரியத்தைக் கெடுக்கும். மீனுக்குக் குமிழி விடும் காற்றுக் குழாயை நிறுத்தலாகாது.

நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் மின்கசிவுத் தடுப்பான் இன்றி எவ்வித மின்கருவியையும் தொட்டியருகில் வைக்கற்க. மின்கம்பி தொட்டியிலிருந்து கீழே தாழ்ந்து, பின் மேலெழுந்து செருகியை அடையவேண்டும். அப்போது வழியும் நீர்த்துளி செருகியைச் சேராது. இனயம் போன்ற ஊர்களில் உப்புக்காற்று உலோகத்தை விரைவில் அரிப்பதால், விசிறியையும் கம்பியின் இணைப்புகளையும் அடிக்கடி துடைத்துப் பார்வையிடுதல் அவசியம். தொட்டியில் கைவைக்குமுன் மின்சாரத்தை நிறுத்துக.

குறையும் நீரை ஈடுசெய்தல்

ஆவியாவது தூய நீர் மட்டுமே. உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். 100 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் குறைந்து, அதனைக் கிணற்று நீரால் மட்டும் நிரப்பிவந்தால், 100 நாட்களில் நீரின் உப்பு இரு மடங்காகும். கடலோரக் கிணறுகளில் உப்புச் சுவை கூடியிருப்பின் இக்கேடு விரைவில் தோன்றும். இதற்கு மழைநீரே தக்க பரிகாரம். இரு பருவமழைகளையும் பெறும் இந்த ஜில்லாவில் கூரை நீரைப் பிடித்து மூடிவைப்பது எளிது. முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் விலக்குக. அதனோடு பதினைந்து நாட்களுக்கொருமுறை கால்பங்கு நீரை மாற்றிவருக.

கடல் மீன்களைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்போரும், குறையும் அளவைக் கடல்நீரால் நிரப்பாமல் நன்னீராலேயே நிரப்பவேண்டும். இவ்வகை வளர்ப்பில் விருப்பமுள்ளோர், விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அமைத்துள்ள மீன் காட்சிசாலையைப் பார்த்துவருவது பிரயோஜனமாகும்.

விசிறி உதவாத நாட்களில்

ஈரம் மிகுந்த நாட்களில் உஷ்ணம் உட்புகாமல் தடுப்பதே வழி. மேற்கு வெயில் படும் சுவரை விட்டுத் தொட்டியை நகர்த்துக. சிமெண்டுத் தொட்டிகளுக்கு முடைந்த தென்னோலையால் பந்தலிடுக. பிற்பகல் கடற்காற்று தவழும் தாழ்வாரம் இயற்கை விசிறியாகும். உப்புத் திவலை நேரே படாத இடமாக இருத்தல் வேண்டும். விளக்கைப் பகலில் அணைத்து வைக்க. நீரில் மூழ்கி இயங்கும் கருவி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் முடிவில் உஷ்ணமாகவே மாறுமாதலால், வேண்டியதற்கு மேல் பெரிய கருவியை இடலாகாது. மீன்களின் எண்ணிக்கையையும் இரையையும் கோடையில் குறைத்துக்கொள்க. பனிக்கட்டியைத் தொட்டியில் கொட்டுவது கூடாது. திடீர்க் குளிர்ச்சி, உஷ்ணத்தைப்போலவே மீனுக்குத் தீங்கு செய்யும்.

கிராம அதிகாரிகளுக்கு

2020-ஆம் வருஷத்தில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புழக்கடையில் அலங்கார மீன் வளர்ப்பதும் உதவிக்குரிய இனமாகச் சேர்க்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்குச் செலவில் நூற்றுக்கு 40 பங்கும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 பங்கும் மானியமாக வகுக்கப்பட்டன. தற்காலம் கிடைக்கும் உதவிகளை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்து ஊராருக்குத் தெரிவிப்பது கிராம அதிகாரிகளின் நற்பணியாகும். அதனோடு, கிராமப் பள்ளியில் இரண்டு உஷ்ணமானிகளைத் தொங்கவிட்டு, ஒரு கோடை முழுவதும் மாணவர்களைக்கொண்டு அளவுகளைக் குறித்துவைத்தால், மீன் தொட்டி வாங்க எண்ணும் ஒவ்வொரு குடியானவருக்கும் தம் ஊர்க் காற்றின் நிலைமை முன்கூட்டியே தெரியவரும். சிறு செலவுள்ள இச்சோதனை, பெருநஷ்டத்தைத் தவிர்க்கும். நிழலும் காற்றோட்டமும் முதலில். அளந்து பார்த்தல் அடுத்து. விசிறி அதற்குப் பின்னரே. இம்முறையைக் கடைப்பிடிப்போர் கோடையிலும் தம் மீன்களைக் காத்து நற்பயன் அடைவர்.