காணாமல் வாங்கும் மிதிவண்டி

பந்தய மிதிவண்டியில் கம்பி இழுத்து கியர் மாற்றும் வேலையை, பொத்தானைத் தொட்டதும் சிறு மோட்டாரே செய்யும் வசதி வந்துள்ளது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 2009இல் உயர்தர வரிசையில் அளித்த இதனை, 2022இல் ‘105’ எனும் நடுத்தர வரிசைக்கும் நீட்டித்தது. எனினும் விலை இலட்ச ரூபாய்க்கு மேல்தான். இணையத்தில் படம் கண்டு பிள்ளைகள் ஆசைப்படுகின்றனர்.

காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ ஹனஃபி மத்ஹபு உரிமை வழங்குகிறது. ‘கியாருர் ருஃயா’ என்பது அதன் பெயர். எனவே, திருப்பி அனுப்பும் நிபந்தனையைப் படித்த பின்னரே பணம் செலுத்துங்கள். பிரேமின் அளவு உயரத்திற்குப் பொருந்துமா, பேட்டரியும் சார்ஜரும் விலையில் அடங்குமா எனக் கேளுங்கள். கம்பி கியர் வண்டியின் விலையையும் ஒப்பிடுங்கள். பழைய வண்டியாயின், குறையை மறைக்காது உரைப்பது விற்பவர் கடமை.

தேவைக்கு மிஞ்சியது மலிவாயினும் வீண்விரயமே.