குறுக்கு வலி வயசாலே மட்டும் வருவதில்லை

கொழுந்தெடுக்கும் தாய்மாரிடம் சுகம் விசாரித்தால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "கழுத்தும் குறுக்கும் வலிக்குதுங்க, வயசாயிருச்சில்ல." சொல்கிறவருக்கு வயது 35 இருக்கும். இதை நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. பாரம் உடம்பில் எங்கே தொங்குகிறது, கை எந்த உயரத்தில் வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கூடையை எடுத்துக்கொள்வோம். நமது தலையே 4, 5 கிலோ நிறை உள்ளது. அதைத் தாங்குவது கழுத்துக்குப் பழக்கம். ஆனால் கூடைக் கயிறைத் தலையில் மாட்டியதும் கூடை தலையைப் பின்னுக்கு இழுக்கிறது. அதற்கு எதிராகக் கழுத்துத் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கின்றன. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரையும் அல்லவா சுமக்கிறோம்! கூடை முதுகோடு ஒட்டியிருந்தால் இழுவை குறைவு. கயிறு நீண்டு கூடை கீழே தொங்கினால் ஒவ்வொரு அடிக்கும் ஆடி இழுக்கும். ஆகவே மலைக்குப் போகுமுன் கயிறைச் சுருக்கிக் கட்டுங்கள். தலையில் கயிறு படும் இடத்தில் நாலாக மடித்த துணி வையுங்கள்.

கூடை நிறையட்டும் என்று காத்திருக்காமல் பாதியிலேயே சாக்கில் கொட்டிவிடுவது இன்னும் நல்லது. "கொட்டப் போனா நேரம் போயிரும், கிலோ குறைஞ்சா அரைப்பேர்தானே" என்பீர்கள். நியாயமான பேச்சுதான். அதனால்தான் இதைக் கங்காணிமாருக்கும் சொல்கிறோம்: சாக்கை ரோட்டோரத்தில் போடாமல் நிரைக்குப் பக்கத்திலேயே போட்டுக் கொடுங்கள். உங்களுக்கு அதில் ஒரு செலவும் இல்லை.

அடுத்தது செடியின் உயரம். கவ்வாத்து வெட்டி மூன்று நாலு வருஷமான மலையில் மட்டம் உயர்ந்துவிடும். உயரம் குறைந்த பெண்கள் அங்கே தோளுக்கு மேலே கையைத் தூக்கித்தான் பறிக்க வேண்டும். தோள்வலி அங்கேதான் ஆரம்பம். சரிவில் செடிக்கு மேல்பக்கமாக நின்றால் மட்டம் இடுப்புக்கு இறங்கி வரும். தூரத்துக் கொழுந்தை எட்டிப் பறிக்காமல் ஓரடி முன்னே போய்ப் பறியுங்கள். கட்டைவிரல் அடியில் குத்துவலி வந்தாலோ, இரவில் விரல்கள் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தாலோ தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் வைத்திய உதவியாளரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மரப்பு அதிகம் வரும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மொட்டைக் கத்தியால் கவ்வாத்து வெட்டினால் ஒரு வெட்டுக்கு மூன்று வெட்டு. தோளும் குறுக்கும் போய்விடும். 50 கிலோ உர மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவது வீரமில்லை. இரண்டு பேர் பிடித்து, முழங்காலை மடித்து, மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பை மட்டும் திருப்பாதீர்கள், காலையும் சேர்த்துத் திரும்புங்கள். பின்னேரம் பீலியில் தண்ணீர் தூக்குவதும் விறகு கட்டுவதும் உங்கள் வேலையாக இருந்தால் வீட்டுக்காரியின் குறுக்கு வலி பாதி குறையும்.

வலி வந்தவர்கள் நாட்கணக்காகப் படுத்துவிடக் கூடாது; மெதுவாக நடமாட வேண்டும். கடையில் வாங்கிய வலி மாத்திரையை வெறும் தேத்தண்ணியோடு போடாதீர்கள், வயிறு புண்ணாகும். குறுக்கு வலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. வேலையின்போது சறுக்கி விழுந்தோ, மூட்டை தூக்கியோ காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆகவே எவ்வளவு சின்ன அடியானாலும் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லி, வைத்திய உதவியாளரின் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். கூட இருந்தவர் பெயரையும் சொல்லிவையுங்கள். இரண்டு நாள் கழித்துச் சொன்னால், லயத்து வாசலில் விழுந்ததுதானே என்று கேட்பார்கள்.