பழி டர்போ மேல்

“பிக்கப்பே இல்லை. மேட்டைக் கண்டாலே வண்டி திணறுது.” பழைய டர்போ டீசல் காரோடு ஒர்க்‌ஷாப்புக்கு வருபவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. பானெட்டைத் திறக்கும் முன்பே “டர்போ போயிடுச்சு” என்று தீர்ப்பு சொல்லிவிடும் மெக்கானிக்குகளும் உண்டு. புது டர்போவின் விலையைக் கேட்டதும் வண்டிக்காரருக்கும் மூச்சு முட்டும். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்.

மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புண்டோ மூன்றிலும் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். 2020இல் மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய கார் சந்தையில் இந்த இன்ஜினைத் தேடி வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1,248 சிசி மட்டுமே கொண்ட இந்தச் சின்ன இன்ஜின் ஸ்விஃப்டில் 2,000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதற்குக் காரணம் டர்போதான். அதில், வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்தச் சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைச் சாதாரணமாகத் தாண்டும்.

காற்று அதிகமானால் அதற்கேற்ற டீசலையும் எரிக்கலாம். எனவே காற்று போகும் பாதையில் எங்கே ஓட்டை விழுந்தாலும், எங்கே அடைத்தாலும் இழுவை போய்விடும்.

நல்ல மெக்கானிக் முதலில் கேள்விதான் கேட்பார். எல்லா வேகத்திலும் மந்தமா, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் மந்தமா? ஹைவேயில் திடீரென்று இழுவை போய், சாவியை அணைத்துப் போட்டதும் திரும்பி வருகிறதா? அப்படி வந்தால், காற்றழுத்தம் கணக்குக்கு ஒத்துவராததால் இன்ஜினைக் காக்க கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த கேள்வி புகையின் நிறம். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல் வண்டி மந்தமாக இருந்தால், டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு ஸ்கேனர். பி0299 என்ற பிழைக் குறியீடு வந்தால் காற்றழுத்தம் குறைவு என்று பொருள்; டர்போ கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு அழுத்த சென்சாரைப் பார்க்கலாம். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும்: சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல், ஊட்டியில் ஏறத்தாழ 77. அதிலேயே பிசகினால் பொய் சொல்வது சென்சார். சரியாகக் காட்டினால் வண்டியை ஓட்டியபடி, கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைப்பதையும் ஒப்பிட வேண்டும்.

கேட்பது ஒன்று, கிடைப்பது ஒன்று என்றால் செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை. தூசி அடைத்த ஏர் ஃபில்டர், தளர்ந்த கிளாம்ப், அடிப்பக்கம் கீறல் விட்ட ரப்பர் ஹோஸ், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும், கல் பட்டு ஓட்டையான இன்டர்கூலர். ஹோஸ் கீறல் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் ஏறும்போதுதான் வாய் பிளந்து ‘உஸ்’ என்று சத்தமிடும். குழாய்க்குள் புகை செலுத்திச் சோதித்தால் கசியும் இடம் தெரிந்துவிடும். அடுத்தது, டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வேக்குவம் குழாய். இன்ஜின் சூட்டில் இது காய்ந்து வெடிக்கும். நகர நெரிசலில் மெதுவாகவே ஓடிய டீசல் வண்டிகளில், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்விலும், வேரியபிள் டர்போவின் இறகுகளிலும் கரி படிந்து இறுகுவதும் உண்டு. அதற்குப் பல வேளைகளில் சுத்தம் செய்தாலே போதும்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் டர்போவின் முறை. குழாயைக் கழற்றி, தண்டை விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பே. தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து சுழல்கிறது. முன்னும் பின்னும் ஆட்டம் விரலுக்குத் தெரிந்தாலோ, சக்கரத்தின் இறகுகள் கூட்டில் உரசியிருந்தாலோ டர்போவின் கதை முடிந்தது.

அப்போதும் டர்போவை மட்டும் மாற்றினால் போதாது. ஐரோப்பாவில் பியூஜோ, ஃபோர்டு கார்களில் வந்த 1.6 லிட்டர் டீசல் இன்ஜினில், டர்போவுக்கு ஆயில் போகும் வழியில் கரி அடைத்து டர்போக்கள் செயலிழந்தன. அடைப்பை நீக்காமல் பொருத்திய புது டர்போவும் சீக்கிரமே போனது. ஆகவே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஆயில் பைப்பையும் புதிதாகப் போட்ட பிறகே டர்போவைப் பொருத்துகிறார்கள்.

பழைய கார் வாங்குபவர் இதில் பாதியை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். இன்ஜின் சூடானபின் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தினால், 2,000 வாக்கில் முதுகு சீட்டோடு ஒட்ட வேண்டும். சாவி போட்டதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியவில்லை என்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம்.