சாலையும் பட்டையும்

மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை, அருகே இருந்த ஏரியின் நினைவைப் பெயரில் தாங்கியுள்ளது. 1920களில் அவ்வேரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. ஏரியை ஒட்டிய தாழ்நிலத்தில் பருவமழை நீர் இன்றும் தேங்குகிறது. தார்ப்பரப்பின் விரிசல்களுள் நீர் புகுந்து அடித்தளத்தை இளக்க, லாரிகளின் எடையால் குழிகள் தோன்றுகின்றன.

லாரியின் முன் அச்சின்மீது சுமையைத் தாங்குபவை அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள். சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவை வளைந்து நிமிர்கின்றன. பல்லாயிரம் முறை வளைந்தபின் நுண்விரிசல் தோன்றி வளர்ந்து, பட்டை முறிகிறது. இதனை உலோகச் சோர்வு என்பர். சேற்றுநீர் புகுவதால் பட்டைமுனைகளின் புஷ்களும் தேய்கின்றன. குழிக்குள் பிரேக்கை அழுத்தினால் எடை முன்னோக்கிச் சாய்ந்து, தாக்கம் மிகும். குழிக்கு முன்னரே வேகத்தைக் குறைப்பது நன்று.

முன்சக்கரங்களே வண்டியைத் திருப்புவன. எனவே முன்பட்டை முறிந்தால் வண்டி ஒருபுறமாக இழுக்கும். நெரிசல்மிக்க தெருவில் அது நடந்து செல்வோர்க்கும் ஆபத்தாகும்.

அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நிகழ்ந்த சாலைச் சோதனையின் முடிவுகளின்படி, அச்சின் சுமை இருமடங்கானால் சாலையின் சிதைவு ஏறத்தாழ 16 மடங்காகும். ஆதலால் அளவான சுமையும் செவ்விய வடிகாலும் சாலையையும் வண்டியையும் ஒருங்கே காப்பனவாம்.