முன்கதையை முதலில் பார்க்கலாமா?

கடந்த தீபாவளிக்குக் கம்பம் போயிருந்தபோது அக்கா வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. என்னிடமிருந்த ஸ்டார் வார்ஸ் டிவிடிகள் ஆறையும் எடுத்துப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் உறையில் "1" என்று இருந்ததை முதலில் போட்டான். ஒன்றில் தொடங்குவதுதானே முறை என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஐந்தாவது நாள் ஐந்தாவது படம். சினிமா வரலாற்றிலேயே புகழ்பெற்ற ஒரு ரகசியம் அதில் உடைகிறது. நான் அவன் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தேன். அவனோ, "இது எனக்கு முன்னாடியே தெரியுமே மாமா" என்று முறுக்கைக் கடித்தான்.

தவறு அவனுடையது அல்ல, என்னுடையது. நீங்களும் புதுக் கம்ப்யூட்டரில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் படங்களைக் காட்ட நினைத்தால், முதலில் இந்தக் கட்டுரையைப் படித்து விடுங்கள். அந்த ரகசியத்தை இங்கே சொல்லப் போவதில்லை.

முன்கதை என்றால் என்ன?

ஒரு படம் வெற்றி பெற்றபின், அதில் நடந்தவற்றுக்கு முந்தைய கதையைத் தனிப் படமாக எடுப்பதே முன்கதைப் படம். ஜார்ஜ் லூகாஸின் ஸ்டார் வார்ஸ் 1977இல் வந்தது. அதன் தொடர்ச்சி 1980இலும் 1983இலும் வந்தது. 16 ஆண்டுகள் கழித்து, 1999 மே மாதம், "தி பேண்டம் மெனஸ்" என்ற முன்கதை வெளியானது. கதை வரிசையில் இதுதான் முதல் பாகம். வெளிவந்த வரிசையில் நான்காவது.

நமக்குத் தெரிந்த உதாரணம் பாகுபலி. கட்டப்பா ஏன் அப்படிச் செய்தார் என்ற கேள்வியை 2015இல் வந்த பாகம் எழுப்பியது. பழைய கதையைச் சொல்லி 2017இல் வந்த பாகம் பதில் தந்தது. இரண்டாம் பாகத்தை முதலில் பார்த்திருந்தால் அந்தக் கேள்வியே நமக்கு எழுந்திருக்காது. முன்கதையின் பலமும் ஆபத்தும் இதுதான்.

பலம் எங்கே?

முதல் பலம் கம்ப்யூட்டர். 1977 படத்தில் விசேஷக் காட்சிகள் 400க்கும் குறைவு. இந்தப் படத்தில் ஏறத்தாழ 2,000. ஜுராசிக் பார்க் (1993) படத்தின் டைனோசர்களைப் பார்த்தபிறகுதான், தான் நினைத்த உலகத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்க முடியும் என்ற நம்பிக்கை லூகாஸுக்கு வந்தது. 1999 ஜூனில் அமெரிக்காவில் 4 தியேட்டர்களில் பிலிம் சுருள் இல்லாமல் டிஜிட்டல் புரொஜெக்டர் மூலம் இந்தப் படத்தைக் காட்டினார்கள். இன்று ஊர் ஊராக இருக்கும் டிஜிட்டல் திரையிடலுக்கு அது ஒரு முன்னோடி.

இதன் விசேஷக் காட்சிகளை மேற்பார்வையிட்டவர்களில் ஒருவர் ஜான் நோல். இவரும் அண்ணன் தாமஸ் நோலும் சேர்ந்து உருவாக்கிய சாப்ட்வேரை 1990இல் அடோபி நிறுவனம் வெளியிட்டது. அதுதான் போட்டோஷாப். தேனியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் கல்யாண ஆல்பத்தைச் சரிசெய்யும் அதே சாப்ட்வேர்தான்.

எல்லாமே கம்ப்யூட்டர் என்று நினைத்து விடாதீர்கள். பாட் ரேஸ் மைதானத்தின் தூரக் காட்சிகளில் தெரியும் கூட்டம், மாதிரி அரங்கில் செருகிய சாயம் பூசிய பஞ்சுக் குச்சிகள். காது குடைவோமே, அதே குச்சிகள்! கீழிருந்து காற்றடித்து அவற்றை ஆட வைத்தார்கள்.

இரண்டாவது பலம் இசை. கடைசி வாள் சண்டைக்கு ஜான் வில்லியம்ஸ் சமஸ்கிருதத்தில் கோரஸ் பாட வைத்திருக்கிறார். அந்தச் சண்டையில் பேச்சு மிகக் குறைவு. படம் நெடுக இல்லாத பதற்றம் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

பலவீனம் எங்கே?

அனகின் என்னும் 9 வயதுச் சிறுவன்தான் கதையின் மையம். ஆனால் அவன் வருவதற்கே வெகு நேரமாகிறது. போர்ஸ் என்ற புரியாத சக்தியை முந்தைய படங்கள் மர்மமாகவே வைத்திருந்தன. இந்தப் படத்தில் ரத்தப் பரிசோதனை செய்து அளவு சொல்கிறார்கள். மந்திரத்துக்கு லேப் ரிப்போர்ட் கொடுத்தால் மந்திரம் எப்படி மிஞ்சும்?

அடுத்தது ஜார் ஜார் பிங்க்ஸ். நடிகர் அகமது பெஸ்டின் அசைவுகளைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் உருவாக்கிய பாத்திரம் இது. தொழில்நுட்பத்தில் பெரிய சாதனை. ஆனால் கோமாளித்தனம் அளவு மீறியதால் பலருக்கு எரிச்சல் வந்தது. அப்போதுதான் வளர்ந்து வந்த இண்டர்நெட்டில் கேலி குவிந்தது. அந்த நாட்களில் தற்கொலை எண்ணம் வரை போனதாக 2018இல் பெஸ்ட் வெளிப்படையாகச் சொன்னார். 2023இல் தி மாண்டலோரியன் தொடரில் ஜெடை வீரராக அவர் திரும்பி வந்தபோது ரசிகர்கள் கொண்டாடினார்கள். புதிதாக இண்டர்நெட் இணைப்பு வாங்கியவர்கள் இதை நினைவில் வையுங்கள். திரையில் தெரிவது பொம்மையாக இருந்தாலும், நம் கேலி போய்ச் சேருவது ஒரு மனிதரிடம்.

கம்பத்திலிருந்து பார்த்தால்...

வர்த்தகப் பாதைக்கு வரி, அதற்காக நபூ என்ற கிரகத்தை முற்றுகையிடுதல் என்று படம் தொடங்குகிறது. இது சலிப்பு என்பது பல விமர்சகர்களின் குறை. நான் அதை ஏற்க மாட்டேன்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை முற்றியபோது நான் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தேன். குமுளி எல்லையில் போக்குவரத்து நின்றது. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் தெருவில் சும்மா நின்றன. எங்கள் பக்கத்து வீட்டு அத்தை தினமும் தூக்குவாளியோடு கிளம்புபவர். அந்த நாட்களில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய காய்கறிக்கு விலை விழுந்தது. ஒரு பாதை மூடினால் எத்தனை அடுப்பு அணையும் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே முற்றுகை சலிப்பான விஷயம் அல்ல. படத்தின் உண்மையான குறை, அந்த முற்றுகையால் வாடும் ஒரு வீட்டைக்கூட அது காட்டவில்லை என்பதுதான். மக்கள் பெருமளவில் சாவதாக ஒரு செய்தி வருகிறது. அதோடு சரி. பாட் ரேஸுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியவர்கள், வாசலில் உட்கார்ந்திருக்கும் ஓர் அத்தைக்கு அரை நிமிடம் ஒதுக்கவில்லை. 2,000 விசேஷக் காட்சிகளாலும் அந்தக் குறையை நிரப்ப முடியவில்லை.

இதற்கு மாற்று உதாரணமும் உண்டு. ஜான் நோல் சொன்ன கருவிலிருந்து உருவான "ரோக் ஒன்" (2016) படமும் 1977 படத்துக்கு முன்கதைதான். முடிவு நமக்கு முன்பே தெரியும். ஆனால் அதற்காக யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது தெரியாது. அதை அந்தப் படம் காட்டுகிறது. அதனால் மனதில் நிற்கிறது.

எந்த வரிசையில் பார்ப்பது?

வெளிவந்த வரிசையே நல்லது. 1977, 1980, 1983 படங்களை முதலில் பாருங்கள். பிறகு 1999, 2002, 2005. உறையில் உள்ள எண்படி சொன்னால் 4, 5, 6, 1, 2, 3. ரோக் ஒன் படத்தைக் கடைசியாக வைத்துக் கொள்ளுங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்க

* புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிவிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பியில் பொருத்தும் டிரைவ் தனியாகக் கிடைக்கிறது.
* விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிவிடி படம் இயக்கும் வசதி தானாக வராது. விஎல்சி பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இலவசமாக டவுன்லோடு செய்து கொள்ளலாம்.
* விஎல்சியில் ஆங்கில "வி" எழுத்தை அழுத்தினால் சப்-டைட்டில் மாறும். "எஃப்" அழுத்தினால் முழுத் திரை. "ஈ" அழுத்த அழுத்த, படம் ஒவ்வொரு பிரேமாக நகரும். பாட் ரேஸ் கூட்டத்தை இப்படிப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்!
* டிவிடியில் யோடா பொம்மையாக இருப்பார். 2011 புளூ-ரேயில் கம்ப்யூட்டர் உருவமாக மாற்றி விட்டார்கள். இரண்டும் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.
* இலவசமாகப் படம் தருவதாகச் சொல்லும் திருட்டுத் தளங்களுக்குப் போகாதீர்கள். படத்தோடு வைரஸும் வரும்.

பொங்கலுக்கு ஊர் போனபோது அக்காவின் சின்ன மகளும் படம் கேட்டாள். இந்த முறை 4 என்று இருந்த டிஸ்க்கை நானே போட்டேன். அவள் அண்ணனிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக் கொண்டேன். மறுநாள் இரவு அந்த இடம் வந்தது. அவள் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து, "பொய் சொல்றான் மாமா!" என்று கத்தினாள். அவள் அண்ணன் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துச் சிரித்தான்.